துப்புவதற்கு ஒரு சிரட்டை

எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் இருந்த மாமியிடம் சாப்பாடு எப்படி என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார். ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் தாய், எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு வந்தவர், மறதியில் இவரிடமும் கேட்டுவிட்டார்.

"வட்டிலப்பம் எப்பிடி மாமி?"

"கருப்பட்டி தீஞ்சி போச்சி. ஏலக்காயும் பத்தல்ல" என்றார் மாமி, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அந்தத் தாய் அதற்குப் பிறகு மாமியோடு முகம் கொடுத்துக் கதைத்ததை நான் காணவில்லை. மாமிக்கு அது தெரியவே தெரியாது. கேட்டாள், சொன்னேன் என்பதற்கு மேல் அதில் அவருக்கு ஒன்றும் இல்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. வளவு எங்களுக்குத்தான் பின்னால் இருந்தது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது முன்வளவு. இருந்தாலும் தெரு முழுக்க அவர் பின்வளவு மாமிதான். நெடுத்த, எலும்பான உடம்பு. அவருடைய கணவர் கரைவலைக்குப் போகிறவர், மீனைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டு, ஒரு சொல் கதைக்காமல் படுத்துவிடுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து மாமியே கதைத்தார் என்று சொல்ல முடியாது. அவரும் குறைவாகத்தான் கதைப்பார். கதைத்தால் அது யாருக்காவது குத்தும்.

மருதமுனையில் அப்போது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடியது. பெண்கள் நூல் சுற்றுவார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பகலில் மாமியின் வளவுக்குள் விட்டுவிடுவார்கள். பகல் சோற்று நேரத்தில் மாமி ஒரு பெரிய சஹனை மண்ணில் விரித்த பாயின் நடுவே வைப்பார். கலியாணத்திலும் கந்தூரியிலும் ஆட்கள் சுற்றியிருந்து ஒரே தட்டில் தின்போமே, அதே தட்டு. பிள்ளைகள் அதைச் சுற்றி இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருக்கும். குடிப்பதற்கு இல்லை. துப்புவதற்கு.

"மாமி, இது என்ன?"

"பாவக்காய்."

"கசக்குமா?"

"ஓம். நல்லாக் கசக்கும். நாக்குல வெச்சிப் பாரு. ஏலாட்டி சிரட்டைல துப்பு."

இதை முதல் முறை கேட்ட பிள்ளை மாமியை அண்ணாந்து பார்க்கும். அதற்கு அதுவரை அப்படி ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் ஊர்த் தாய்மாருக்குச் சோறு தீத்துவதென்றால், வாயில் ஊட்டுவதென்றால், ஒரு போர். முட்டையைச் சோற்று உருண்டைக்குள் ஒளிப்போம். ஈரலைக் காட்டி மீன் என்போம். கீரையைக் காட்டி, தின்றால் கண் பெரிதாகும் என்போம். பொடியன் வாயைத் திறக்காவிட்டால் "ஒஸ்தா மாமா வாறார்" என்று வாசல் படலையைப் பார்ப்போம்; சுன்னத்துச் செய்கிற மனிதர் வருகிறார் என்றால் எந்தப் பொடியனுக்கும் வாய் தானாகத் திறந்துவிடும். ஒரு வாய் உள்ளே போனதும் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விடுவோம். இந்தப் பொய்யையெல்லாம் பொய் என்று நாங்கள் கணக்கில் எடுப்பதேயில்லை.

மாமி ஒரு பிள்ளைக்கும் தீத்தியதில்லை. தின் என்று சொன்னதும் இல்லை. தான் தின்பார், பிள்ளையைப் பார்க்கவே மாட்டார். ஒரு பிள்ளை முதல் முறையாக ஒன்றை விழுங்கினால் அதையும் கண்டுகொள்ள மாட்டார். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு தாய், மகள் வெண்டிக்காய் தின்றுவிட்டாள் என்று கையைத் தட்டிக் கத்திவிட்டாள். மாமி எழும்பிப் போய், "கை தட்டுறதுக்கு இதென்ன நாடகமா? போகா அங்கால" என்று விரட்டினார். அந்தப் பிள்ளை வாயில் இருந்த அடுத்த துண்டைச் சிரட்டையில் துப்பிவிட்டது. "பாத்தயா?" என்றார் மாமி.

துப்பியதைக் கோழிக்குப் போடுவார். கோழிகள் நேரம் தெரிந்து வந்து பாயைச் சுற்றி நிற்கும்.

இந்தச் சிரட்டையால் அவருக்கு ஊரில் வந்த பெயர் கொஞ்சமல்ல. ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்து ஊதித் தின்னச் சொல்லி வளர்த்த ஊர் இது. விரலைச் சூப்பாமல் எழும்பினால் பரக்கத், சோற்றில் இருக்கிற அருள், போய்விடும் என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அல்லாஹ் தந்த உணவைத் துப்பப் பழக்குகிறாள் ஒருத்தி. "எச்சில் மாமி" என்று பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை.

ஒரு கந்தூரியில் அது பெரிய பிரச்சினையாக வெடித்தது. தெரு முனையில் கடை வைத்திருந்த ஒருவர் தன் மகனை முதல்முறையாகப் பெரிய ஆட்களின் சஹனில் இருத்தினார். பள்ளிவாசல் மரைக்காயர் எதிரே இருக்கிறார். பொடியன் ஒரு துண்டு ஈரலை எடுத்து வாயில் வைத்து, மென்று பார்த்து, இரண்டு பக்கமும் தேடிவிட்டு, "சிரட்டை எங்க வாப்பா?" என்று கேட்டிருக்கிறான். விளங்காமல் எல்லாரும் பார்த்திருக்க, சோற்று ஓரத்திலேயே மெதுவாகத் துப்பிவிட்டான். மரைக்காயர் கையை எடுத்தார். அவர் எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள்.

அன்று பின்னேரம் கடைக்காரர் மாமியின் வேலி வாசலுக்கு, கடப்படிக்கு வந்தார். நான் எங்கள் குசினியில் இருந்தேன். அவர் கத்தியது கடற்கரை வரை கேட்டிருக்கும்.

"என்ட மானத்த வாங்கிட்டாய்! மனிசர் திங்கிற சஹன்ல துப்பப் பழக்கிரிக்காய்!"

மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. "ஈரல வாயில வெச்சானா?" என்று கேட்டார்.

"வெச்சான், வெச்சித்தானே..."

"போன கந்தூரிக்கு வெச்சானா?"

போன கந்தூரியில் அந்தப் பொடியன் ஈரலைக் கண்டு வாந்தி எடுத்ததும், கடைக்காரர் அவனைக் கன்னத்தில் அறைந்ததும் தெருவுக்கே தெரியும்.

"சஹன்ல துப்பினது புழ. அது நான் சொல்லிக் குடுக்காத புழ" என்றார் மாமி. "நாளைக்கி அனுப்புங்க. சொல்லிக் குடுக்கன்."

அவர் அனுப்பவில்லை. இன்னும் நாலைந்து வீட்டார் அவரைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளையும் நிறுத்தினார்கள். அதில் என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவும் ஒருத்தி. அவளுடைய மகன் றமீஸுக்கு அப்போது நாலு வயது இருக்கும். "என்ட புள்ள எச்சில் பழக வேணா" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்த மாமி மேல் ஒரு பயம்தான் இருந்தது. பிரியம் பிறகு வந்தது. ஒருநாள் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது, ஏன் மாமி இப்படிச் சிரட்டை வைக்கிறீர்கள் என்று கேட்டேன். கையில் இருந்த இறாலை உரித்து முடித்தார். பிறகு, "என்ட மூக்கப் பொத்தித்தான் ஆட்டுப்பால் பருக்கினாங்க" என்றார். "ரெண்டு பேர் கைகாலப் புடிப்பாங்க. இனிக்கும் இனிக்கும் எண்டுதான் சொன்னாங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆடு கத்தினாலும் அவர் முகத்தை ஒருமுறை பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

றமீஸ் ஒன்றே ஒன்றைத்தான் தின்பான். கட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த வெள்ளைச் சோறு, அதில் கொஞ்சம் உப்பு. ஆணம், குழம்பு வேண்டாம், மீன் வேண்டாம், பழம் வேண்டாம். சோற்றில் ஒரு கருவேப்பிலை கிடந்தாலும் தட்டையே தள்ளிவிடுவான். ராத்தா அதை ஒரு குறையாக எண்ணவில்லை. சோறும் தேங்காயும் இல்லாத நாள் ஒன்று வரும் என்று எங்கள் கரையில் யார் நினைத்தது?

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தது. விடிந்து பார்த்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. கூரைகள் போய்விட்டன. மூட்டையில் இருந்த நெல் நனைந்து முளை விட்டது. வேலி ஒன்றும் மிஞ்சாததால் எங்கள் வளவும் மாமியின் வளவும் ஒன்றாகிவிட்டன. அவருடைய கோழிகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலில் விழுந்த தேங்காய்கள் காலில் இடறின. எல்லாரும் அள்ளித் தின்றோம், பிறகு அழுகின, பிறகு இல்லை. பள்ளிக்கூடத்தில் நிவாரணம் கொடுத்தார்கள். கோதுமை மா, பருப்பு, மஞ்சள் நிறத்தில் ஒரு சத்து மா. அந்தச் சத்து மாவில் பச்சைப் பயறு வாடை ஒன்று அடிக்கும். பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்லித் தந்தார்கள்.

ராத்தா கடைசித் தேங்காயைப் பிழிந்தாள். கடைசிச் சுண்டு அரிசியை வடித்தாள். எந்தத் தாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். சத்து மாவைப் பாலில் கரைத்துச் சோற்றில் பிசைந்து, "பால்சோறு மகன், ஒன்ட பால்சோறு" என்று நீட்டினாள்.

அவன் ஒரு வாய் வாங்கினான். மென்றான். நிறுத்தினான். வாயில் இருந்ததைக் கையில் எடுத்து வைத்துப் பார்த்தான். பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பிள்ளை அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. எழும்பிப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதோடு வாய் மூடியது. அடுத்த நாள் எங்கேயோ அலைந்து ஒரு தேங்காய் கொண்டுவந்து, ஒன்றும் கலக்காமல் சுத்தமான பால்சோறு கொடுத்தோம். அதையும் தொடவில்லை. அவன் நம்பித் தின்ற ஒன்றே ஒன்று அதுதான், அதுவும் போய்விட்டது. கண்ணூறு என்று சொல்லி லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார். தண்ணீர் என்பதால் குடித்தான். கழுத்தில் இசிம் எழுதிய தாயத்துக் கட்டினோம். தேத்தண்ணியை முகர்ந்து பார்த்துத்தான் குடித்தான். நாளுக்கு நாள் கழுத்து மெலிந்து தலை பெரிதாகத் தெரிந்தது. டிஸ்பென்சரி அப்போதிக்கரி ஐயா அவன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்பிடியே போனா புள்ள தாங்காது. கல்முனைக்குக் கொண்டு போங்க" என்றார். பாதையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. ராத்தாவின் கணவர், மச்சானும் ஊரில் இல்லை. வரிப்பத்தான்சேனையில் வயல் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவர் தண்ணீரில் மாட்டிக்கொண்டார்.

அவர் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மகனைக் கண்டதும் மனிதருக்குப் புத்தி கலங்கிவிட்டது. மாவில் கஞ்சி காய்ச்சச் சொன்னார். பிள்ளையை மடியில் கிடத்திக் கையைப் பிடித்து, மூக்கைப் பொத்தி, வாய் திறந்ததும் ஊற்றினார். பிள்ளைக்குப் புரையேறியது. இருமல் வரவில்லை, மூச்சும் வரவில்லை, உதடு நீலமாகிவிட்டது. ராத்தா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். நான் அவனைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தேன். கஞ்சி வெளியே வந்தது. மூச்சு வந்தது. மச்சான் கையில் கோப்பையோடு அப்படியே இருந்தார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு நடந்தேன். யாரையும் கேட்கவில்லை. ராத்தா பின்னால் ஓடி வந்தாள்.

மாமியின் வீட்டில் கூரை இல்லை, ஒரு தறப்பாள் கட்டியிருந்தது. அதற்குக் கீழே மூன்று பிள்ளைகள் சஹனைச் சுற்றியிருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். மாமி எங்களை நிமிர்ந்து பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பிள்ளையின் நெஞ்சிலும் மூக்கிலும் கஞ்சி ஒட்டியிருந்ததைக் கண்டார். அவருடைய முகம் ஒருமுறை சுருங்கியது. "இருத்து" என்றார்.

ராத்தா, "மாமி, என்ட புள்ள சாகப் போறான்..." என்று தொடங்கினாள்.

"கதைக்காத. கதைச்சா அங்கால போ."

மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கல்முனைக்குப் போகிற பாதையில் மரங்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். "அஸர் பாங்கு வரைக்கும் பாக்கன். மறுகா ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருவன்" என்றார்.

"கொண்டு போ மகன். போகத்தான் வேணும். நான் டொக்டர் இல்ல" என்றார் மாமி. "ஆனா அங்கயும் வாய் இவன்ட வாய்தான்."

பிறகு ஒரு வாழையிலைத் துண்டில் அந்த மஞ்சள் மாவைக் கொஞ்சம் கொட்டி றமீஸுக்கு முன்னால் வைத்தார். எதிலும் கலக்கவில்லை, கரைக்கவில்லை. வெறும் மா.

"இது சத்து மா. மணம் ஒருமாதிரி. எனக்கும் புடிக்கல்ல. இதத்தான் ஒன்ட பால்சோத்துக்குள்ள போட்டது."

ராத்தாவின் முகத்தில் இரத்தம் இல்லை. பிள்ளை மாவைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பினான்.

"போட்டீங்களா உம்மா?"

ராத்தா என்னைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள். இல்லை என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"அவன்ட மூஞ்சியப் பாத்துச் சொல்லு மகள்" என்றார் மாமி.

"ஓம் மகன்" என்றாள் ராத்தா. "போட்டன்."

மற்றப் பிள்ளைகள் தின்றுகொண்டே இருந்தார்கள். மாமி ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துத் தின்றார். நெடுநேரம் போனது. பிறகு றமீஸ் ஒரு விரலை மாவில் தொட்டு நாக்கில் வைத்தான். முகத்தைக் கோணினான். பக்கத்தில் இருந்த சிரட்டையைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான். துப்பினான்.

ராத்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சாகக் கிடக்கிற பிள்ளை, வாய்க்குப் போனதையும் துப்புகிறான், இந்த மனுசி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குக் கொதித்தது. எனக்கும்தான். மாமி அடுத்ததாகப் பருப்பைக் காட்டினார். "பருப்பு. உப்புக் கூடிப் போச்சி." நக்கினான், துப்பினான். ரொட்டியின் நடுத்துண்டு. மென்றான், துப்பினான். மச்சான் சைக்கிள் சீட்டைக் குத்திக்கொண்டே இருந்தார்.

அப்போது மாமி அந்தச் சிரட்டையை எடுத்தார். கோழியைத் தேடுகிற மாதிரி ஒருமுறை வளவைப் பார்த்தார். பிறகு அதில் கிடந்ததை வழித்துத் தன் வாயில் போட்டு விழுங்கினார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மாமி, எச்சில்" என்றான் றமீஸ். பல நாளைக்குப் பிறகு அவன் கதைத்த மூன்றாவது சொல்லோ நாலாவது சொல்லோ.

"ஓம், எச்சில்தான். கோழி இல்லயே மகன். வீசினா பாவம். நீ துப்பு, அது என்ட பாடு."

மற்றப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில்தான் எனக்கு விளங்கியது, கோழிகள் போன நாளிலிருந்து அந்த மனுசி எல்லாப் பிள்ளைகளின் சிரட்டையையும் இப்படித்தான் காலி செய்திருக்கிறார். ஊரெல்லாம் வயிற்றோட்டம் நடந்த நாட்கள் அவை.

றமீஸ் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்தான். கருகின ஓரம், மொறுமொறு என்று சத்தம் கேட்டது. மென்றான். சிரட்டைப் பக்கம் குனிந்தான். துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. ராத்தாவின் வாயை நான் கையால் பொத்தினேன், இல்லாவிட்டால் கத்தியிருப்பாள். மாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கருகினது கொஞ்சம் கசக்கும்" என்றார். அவன் இன்னொரு ஓரம் பிய்த்தான்.

பின்னேரம் அஸர் பாங்கு சொன்னதும் மச்சான் சொன்னபடி அவனைக் கல்முனைக்குக் கொண்டு போனார். சேலைன் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்து வந்தான். பிழைத்ததுக்கு ஆசுபத்திரியா ரொட்டியா என்று எங்கள் வீட்டில் இன்னும் ஒரு முடிவு இல்லை.

வந்தவன் மாமியின் சஹனில்தான் இருந்தான். பருப்புத் தின்றான், சூடை மீன் தின்றான், ஈரப்பலாக்காய் தின்றான். ஆனால் ராத்தாவின் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. வீட்டில் சோறு போட்டுக் கொடுத்தால், கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போவான். "இதுக்குள்ள என்ன இரிக்கி மாமி?" மாமி விரலால் கிளறி, முகர்ந்து, ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வார். "சோறு. வாழைக்காய்ப் பாலாணம். மாசிக் கருவாடு கொஞ்சம் போட்டிரிக்கி." அதற்குப் பிறகு தின்பான். அதையும் அங்கேயே இருந்து.

அயல்வீட்டுப் பெண் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் தன் பிள்ளை தன் சோற்றைத் தின்பான் என்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? ராத்தா மாமியை வெறுத்தாள். பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியவள் என்பதால் வாய் திறந்து ஏசவும் முடியவில்லை. "என்ட புள்ளய எனக்குத் திருப்பித் தரமாட்டாவாடி?" என்று என்னிடம் அழுவாள். இப்படி மாதங்கள் போயின. வேலி திரும்பக் கட்டினோம். அவனுக்கு வழிவிட்டுத்தான் கட்டினோம்.

ஒருநாள் பகல் நான் மாமியோடு இருந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். றமீஸ் கோப்பையோடு வந்தான்.

"இதுக்குள்ள உம்மா என்ன போட்டிரிக்கா மாமி?"

மாமி கையை நீட்டவில்லை. கீரையை உருவிக்கொண்டே சொன்னார்.

"என்னட்டக் கேக்காத. போய் ஒன்ட உம்மாட்டக் கேளு. அவ ஒனக்குப் பொய் சொல்லமாட்டா."

பிள்ளை நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்த முகத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சோற்றுக்குள் என்னவோ இருந்தது. முன்தினம்தான் மச்சான் புதுக்கோழி இட்ட முட்டை இரண்டு கொண்டுவந்திருந்தார்.

றமீஸ் வேலியடிக்குத் திரும்பிப் போனான். கோப்பையை மேலே தூக்கிக் காட்டினான். "என்ன போட்டிரிக்கீங்க உம்மா?"

ராத்தா வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு சொல் போதும். சோறு என்று சொல்லிவிட்டால் அன்றைக்குத் தின்றுவிடுவான். உள்ளே இருப்பது பல்லில் படும்வரை.

"முட்டை இரிக்கி மகன்" என்றாள். "அவிச்ச முட்டை. சோத்துக்கு அடியில ஒளிச்சி வெச்சிரிக்கன்."

"ஏன் சொல்லல்ல?"

"பயம். நீ தின்னமாட்டாயெண்டு பயம்."

அவன் சோற்றைக் கிளறி முட்டையை வெளியே எடுத்தான். ஒரு கடி கடித்தான். முகம் கோணிப்போய், காலடியில் துப்பினான். மீதியைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கி வைத்தான். பிறகு அந்தக் கடப்பைத் தாண்டி ராத்தாவின் பக்கத்தில் போய்க் குந்தி, சோற்றைத் தின்னத் தொடங்கினான். ராத்தா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

நான் மாமியைப் பார்த்தேன். அவர் உருவிய கீரையெல்லாம் கீழே சிந்திக் கிடந்தது.

"ராத்தா உண்மை சொல்லுவா எண்டு உங்களுக்கு எப்பிடி மாமி தெரிஞ்ச?"

"தெரியாதுகா" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "தெரியாத ஒண்ட ஒரு புள்ளைக்கிட்டத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னது இண்டைக்குத்தான். அவ பொய் சொல்லிரிந்தா, மறுகா அந்தப் புள்ள ஆரட்டப் போய்க் கேக்கிற?"